குமிழைத் திருகும்போது உள்ளே என்ன நடக்கிறது?

பழைய ஸ்டீரியோக்களில் மோகம் உள்ள ஒருவரிடம், அதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். வாய் பதில் சொல்வதற்கு முன்பே கை சொல்லிவிடும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காற்றில் எதையோ பிடித்து மெதுவாகத் திருகும். "அந்த வால்யூம் குமிழ் இருக்கிறதே..." என்று அப்புறம்தான் பேச்சே ஆரம்பிக்கும்.

எனக்கும் அந்த மோகம் உண்டு. அதனால் கேலி செய்யப் போவதில்லை. ஆனால் இந்தப் பேச்சு கொஞ்சம் நீண்டால் சில தவறான முடிவுகளும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். குமிழ் கனமாக, வழுவழுவென்று சுற்றினால் ஒலியும் நன்றாக இருக்கும் என்பார்கள். குமிழ் இருந்தாலே அது அனலாக் (ஒலியை எண்களாக மாற்றாமல் மின்னலையாகவே கொண்டுபோவது) என்பார்கள். குமிழ் பாதியில் நின்றால் ஆம்ப்ளிஃபயர் பாதி சக்தியில் ஓடுகிறது என்பார்கள். மூன்றும் தவறு. "எல்லாம் பழைய ஞாபகம், வேறொன்றும் இல்லை" என்று ஒரேயடியாக ஒதுக்குபவர்கள் சொல்வதும் தவறுதான். கைக்கு அது பிடிப்பதற்கு உருப்படியான காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தை ஒலியில் தேடுவதால்தான் குழப்பம்.

இங்கே பழைய ஸ்டீரியோ என்று நான் சொல்வது ஏறக்குறைய 1960களின் நடுவிலிருந்து 1980களின் தொடக்கம் வரை வந்த ஆம்ப்ளிஃபயர்களையும் ரிசீவர்களையும். ரிசீவர் என்றால் ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே பெட்டிக்குள் இருப்பது. வெள்ளி நிற அலுமினிய முகப்பு, அதில் வரிசையாகக் குமிழ்கள், குட்டி நெம்புகோல்கள், அழுத்தும் பொத்தான்கள். பார்த்தால் மிரட்டும். ஆனால் உள்ளே இருக்கும் சங்கதி எளிதானது.

## ஆக்சிலரேட்டர் அல்ல, குழாய்

வால்யூமைக் கூட்டினால் ஆம்ப்ளிஃபயர் மும்முரமாக உழைக்க ஆரம்பிக்கிறது, வண்டியின் ஆக்சிலரேட்டரை மிதிப்பது போல என்றுதான் பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள். ஆக்சிலரேட்டரை மறந்துவிட்டுத் தண்ணீர்க் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆம்ப்ளிஃபயரின் வேலை, உள்ளே வரும் சிறிய மின்னழுத்தத்தைப் பெருக்கி ஸ்பீக்கருக்குத் தருவது. எத்தனை மடங்கு பெருக்கும் என்பது வடிவமைக்கும்போதே முடிவாகிவிடும். பேச்சுக்கு 30 மடங்கு என்று வைத்துக்கொள்வோம். வால்யூம் குமிழ் கடைசியில் இருந்தாலும் 30 மடங்குதான், தொடக்கத்தில் இருந்தாலும் 30 மடங்குதான். குமிழ் செய்வதெல்லாம், அந்தப் பெருக்கும் பகுதிக்குள் எவ்வளவு போக வேண்டும் என்று முன்வாசலில் நின்று தடுப்பது. குமிழ் பூஜ்யத்தில் இருந்தால் ஒன்றும் உள்ளே போகாது. ஒன்றுமில்லாததை 30 மடங்கு பெருக்கினாலும் ஒன்றுமில்லைதான்.

இப்படித் தடுத்துக் குறைப்பதைத் தணிப்பு என்று சொல்லலாம். ஆக, வால்யூமைக் கூட்டுகிறோம் என்று நாம் சொல்லும்போது உண்மையில் நடப்பது, குறைப்பதைக் குறைத்துக்கொள்வது. குமிழ் முழுக்கத் திறந்தால் தணிப்பே இல்லை. வந்தது அப்படியே உள்ளே போகிறது.

அந்தத் தடுப்பு எப்படி நடக்கிறது? குமிழுக்குப் பின்னால் இருக்கும் பாகத்துக்குப் பொட்டென்ஷியோமீட்டர் என்று பெயர். பழுது பார்ப்பவர்கள் சுருக்கமாக பாட் என்பார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். அதற்குள் குதிரை லாட வடிவில் ஒரு கார்பன் பட்டை இருக்கும். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும், ஆனால் தாராளமாகக் கடத்தாது. பட்டையின் ஒரு முனையில் இசை வருகிறது, மறுமுனை பூமி இணைப்பில் இருக்கிறது. சுவரில் சாய்த்த ஏணி போல: உச்சியில் முழு மின்னழுத்தம், தரையில் பூஜ்யம், நடுவில் படிப்படியாக இறங்கும் அளவுகள். குமிழின் தண்டோடு சேர்ந்து நகரும் ஒரு சிறிய உலோகத் தொடுமுனை அந்தப் பட்டையின் மேல் உரசிக்கொண்டே போகும். ஏணியில் அது எந்தப் படியில் நிற்கிறதோ, அந்தப் படியின் அளவு ஆம்ப்ளிஃபயருக்குள் போகும். நூற்றுக்கணக்கான வாட் பீறிடும் ரிசீவரிலும் வால்யூம் என்பது ஒரு கார்பன் பட்டையும் அதை உரசும் தகரத் துண்டும்தான்.

ஸ்டீரியோ என்பதால் இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என இரண்டு பட்டைகள், ஒரே தண்டில். இரண்டும் அச்சு அசலாக ஒத்துப்போவது கடினம். அந்தச் சின்ன வித்தியாசம் வால்யூம் மிகக் குறைவாக இருக்கும்போது பெரிதாகத் தெரியும். நள்ளிரவில் மெதுவாக வைத்துக் கேட்கும்போது பாடகர் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்பது போலிருந்தால், பழி பாட் மீதுதான். அதைச் சரிக்கட்ட, பக்கத்தில் இருக்கும் பேலன்ஸ் என்ற குமிழ் உதவும்.

இதுவரை பார்த்தது: ஆம்ப்ளிஃபயரின் பெருக்கம் மாறுவதில்லை. வால்யூம் குமிழ் அதன் வாசலில் உள்ள குழாய். குழாயின் பெயர் பாட்.

## பாதி திருகினால் பாதி சத்தமா?

இருட்டறையில் ஒரு மெழுகுவர்த்தி எரிகிறது. இன்னொன்றை ஏற்றினால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். நூறு மெழுகுவர்த்திகள் எரியும் அறையில் நூற்றியோராவதை ஏற்றினால் யாரும் கவனிக்க மாட்டார்கள். இரண்டு தடவையும் கூட்டியது ஒரே ஒரு மெழுகுவர்த்திதான்.

காதும் அப்படித்தான். எவ்வளவு கூடியது என்று காது பார்ப்பதில்லை, எத்தனை மடங்கு கூடியது என்று பார்க்கிறது. அந்த மடங்குக் கணக்கை அளக்கும் அலகுதான் டெசிபல். மனதில் வைத்துக்கொள்ள இரண்டு எண்கள் போதும். சக்தி இரண்டு மடங்கானால் 3 டெசிபல் கூடும். தெரியும், ஆனால் பெரிதாக இருக்காது. சக்தி பத்து மடங்கானால் 10 டெசிபல் கூடும். அப்போதுதான் காதுக்கு ஏறக்குறைய "இரண்டு மடங்கு சத்தம்" என்று தோன்றும். (50 வாட் பெட்டியைக் கொடுத்துவிட்டு 100 வாட் வாங்கியவர்களின் ஏமாற்றம் இந்த 3 டெசிபலில்தான் இருக்கிறது.)

இப்போது பாட்டுக்குத் திரும்புவோம். அதாவது இசைக்கு அல்ல, அந்த பாட்டுக்கு. கார்பன் பட்டை ஒரே சீராக இருந்தால், முதல் கால்வாசித் திருப்பத்திலேயே சத்தம் குபீரென்று எகிறிவிடும். மீதி முக்கால்வாசியைத் திருகினாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது. மெழுகுவர்த்திக் கதைதான். அதனால் வால்யூமுக்கு வைக்கும் பாட்டில் பட்டையை வேண்டுமென்றே சீரில்லாமல் செய்வார்கள்: தொடக்கத்தில் மிக மெதுவாக ஏறி, கடைசியில் விறுவிறுவென ஏறும். இதற்கு லாக் வளைவு என்று பெயர். நம் காதுக்குச் சீராகத் தெரிய வேண்டும் என்பதற்காகப் பட்டை கோணலாக இருக்கிறது.

இந்த வளைவில், குமிழ் சரியாக நடுவில், அதாவது கடிகார முள் கணக்கில் 12 மணியில் நிற்கும்போது, பெரும்பாலும் வந்த மின்னழுத்தத்தில் பத்தில் ஒரு பங்குதான் உள்ளே போகும். சில வகைகளில் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் போகும். சக்தி மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். ஆகவே பத்தில் ஒரு பங்கு மின்னழுத்தம் என்றால் நூறில் ஒரு பங்கு சக்தி. பாதி திருகினால் பாதி சக்தி என்பது எவ்வளவு பெரிய தப்பு என்று பாருங்கள்.

"சரி, அப்படியானால் 12 மணிவரை தைரியமாகத் திருகலாம்" என்று யாராவது இதைப் படித்துவிட்டு முடிவு செய்தால், அதுவும் ஆபத்து. ஏனென்றால் முன்வாசலுக்கு வருவது எவ்வளவு என்பதை நாம் இன்னும் பார்க்கவில்லை. 1970களின் ரிசீவர் ஒன்றின் விவரத்தாளில் ஆக்ஸ் என்ற உள்ளீட்டுக்கு எதிரே 150 மில்லிவோல்ட் என்று போட்டிருப்பது வழக்கம். குழாய் முழுக்கத் திறந்திருக்கும்போது 150 மில்லிவோல்ட், அதாவது 0.15 வோல்ட் வந்தால், ஆம்ப்ளிஃபயர் தன் முழு சக்தியை எட்டிவிடும் என்று அதற்கு அர்த்தம். அந்தக் காலத்து டியூனரும் (தனி ரேடியோப் பெட்டி) டேப் டெக்கும் (டேப்பைப் பதியும், ஒலிக்கும் கருவி) தந்தது பெரும்பாலும் ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. பிறகு 1982இல் சிடி வந்தது. சிடி பிளேயர் மிக உரத்த இடத்தில் 2 வோல்ட் தரும். அந்த 0.15 வோல்ட்டைப் போலப் பதின்மூன்று மடங்குக்கு மேல்!

கணக்கைப் போடுவோம். 2 வோல்ட் வருகிறது, குமிழ் 12 மணியில் இருக்கிறது, பத்தில் ஒரு பங்கு போகிறது. 0.2 வோல்ட். ஆம்ப்ளிஃபயருக்குத் தாங்குவது 0.15. அதாவது இசையின் உரத்த இடங்களில், குமிழ் பாதியைத் தொடும் முன்பே ஆம்ப்ளிஃபயரின் சக்தி முடிந்துவிட்டது. அதற்குமேல் திருகினால் அலைகளின் உச்சி வெட்டுப்பட்டு ஒலி நசுங்கும், ஸ்பீக்கரும் சேதமாகலாம். மீதி இருக்கும் அரைவட்டத்தில் இனிமேல் எதுவும் மிச்சம் இல்லை.

எனவே குமிழின் கோடு வாட் மீட்டர் அல்ல. "என் ஆம்ப் 9 மணியிலேயே வீட்டை அதிரவைக்கிறது, உன்னுடையது 11 மணிவரை போக வேண்டியிருக்கிறது" என்று பெருமையடித்துக்கொள்வதில் பொருளே இல்லை. 9 மணி ஆம்ப் வலுவானது என்று அதற்கு அர்த்தம் இல்லை. அதன் குழாய் சீக்கிரம் திறக்கிறது, அவ்வளவுதான்.

இதுவரை பார்த்தது: காது மடங்குகளில் கேட்கிறது, அதனால் பாட்டின் பட்டை வளைவாக இருக்கிறது. குமிழ் எங்கே நிற்கிறது என்பதை வைத்து ஆம்ப்ளிஃபயர் எவ்வளவு உழைக்கிறது என்று சொல்ல முடியாது. என்ன இணைத்திருக்கிறீர்கள் என்பதும் தெரிய வேண்டும்.

## அநியாயமாகக் கெட்ட பெயர் வாங்கிய பொத்தான்

பழைய முகப்புகளில் லவுட்னஸ் என்று ஒரு பொத்தான் இருக்கும். பெயரைப் பார்த்தால் சத்தத்தைக் கூட்டுவது போலிருக்கும். அதன் வேலை அதுவல்ல.

1933இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஹார்வி ஃப்ளெட்சர், வில்டன் மன்சன் இருவரும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். வெவ்வேறு சுருதிகளில் ஒலிகளைக் கேட்கவைத்து, எது எதற்குச் சமமான சத்தமாகத் தோன்றுகிறது என்று ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு அது. அதிலிருந்து தெரிந்தது இதுதான்: மெதுவான சத்தத்தில் நம் காது அடித்தொனியை, அதாவது பேஸை, சரியாகக் கேட்பதில்லை. 1000 ஹெர்ட்ஸ் ஒலி 40 டெசிபலில் ஒலிக்கிறது என்றால், அதே அளவு சத்தமாகத் தோன்ற 50 ஹெர்ட்ஸ் ஒலிக்கு இன்னும் 30 டெசிபலுக்கு மேல் வேண்டும். சத்தம் கூடக் கூட இந்த ஓரவஞ்சனை குறையும்.

நல்ல சத்தத்தில் கேட்டுக்கொண்டிருந்த பாட்டை நன்றாகக் குறைத்து வைத்தால் மிருதங்கத்தின் தொப்பியும் பேஸ் கிட்டாரும் காணாமல் போய், வெறும் குரலும் ஜால்ராவும் மிஞ்சுவது இதனால்தான். லவுட்னஸ் பொத்தான் அந்த நேரத்தில் பேஸைத் தூக்கிக் கொடுக்கும்; பல பெட்டிகளில் டிரெபிளையும், அதாவது மேல் தொனியையும், கொஞ்சம் தூக்கும். அதைச் செய்யும் விதம் கெட்டிக்காரத்தனமானது. வால்யூம் பாட்டின் கார்பன் பட்டையிலேயே இடையில் கூடுதலாக ஓர் இணைப்பைக் கொடுத்துவிடுவார்கள். தொடுமுனை அதற்குக் கீழே இருக்கும்வரை பேஸ் தூக்கலாக இருக்கும், மேலே போகப் போக அந்தத் தூக்கல் தானாகக் கரைந்துவிடும். மெதுவாகக் கேட்டால் உதவி, உரக்கக் கேட்டால் ஒதுங்கிக்கொள்ளும்.

இதில் ஒரு ஊகம் ஒளிந்திருக்கிறது. குமிழ் கீழே இருந்தால் நீங்கள் மெதுவாகக் கேட்கிறீர்கள் என்று அந்தச் சுற்று நினைத்துக்கொள்கிறது. ஆனால் மேலே பார்த்தோம், 2 வோல்ட் தரும் கருவியை இணைத்தால் குமிழ் கீழே இருக்கும்போதே அறை அதிரும். பாவம், சுற்றுக்கு அது தெரியாது. அது முழு உதவியையும் அள்ளிக் கொடுக்கும். பேஸ் பொங்கி வழியும். "லவுட்னஸ் என்றாலே கொழகொழ ஒலி, தொடவே கூடாது" என்ற தீர்ப்பு இப்படித்தான் பிறந்தது. பொத்தான் மீது குற்றம் இல்லை. அதற்குத் தவறான தகவல் போகிறது.

இதைச் சரியாகக் கையாண்டது யமஹா. அவர்களுடைய பல ரிசீவர்களிலும் ஆம்ப்ளிஃபயர்களிலும் லவுட்னஸ் என்பது பொத்தானாக இல்லாமல் தனிக் குமிழாகவே இருக்கும். முதலில் அதைச் சமநிலையில் வைத்து, வால்யூமை நீங்கள் உரக்கக் கேட்கும் அளவுக்குத் திருப்ப வேண்டும். அப்புறம் வால்யூமைத் தொடாமல் லவுட்னஸ் குமிழால் சத்தத்தைக் குறைக்க வேண்டும். அது நடுத்தொனிகளை அதிகமாகக் குறைத்து, பேஸைக் குறைவாகக் குறைக்கும். உரத்த சத்தம் என்பது எது என்று நீங்களே சொல்லிவிடுவதால் ஊகத்துக்கு இடமில்லை. ஒரு கூடுதல் குமிழ் தன் இடத்துக்கு நியாயம் செய்திருக்கிறது என்று நான் நினைப்பது இங்கேதான்.

பேஸ், டிரெபிள் குமிழ்களைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. வளையக்கூடிய பலகை ஒன்றை நடுவில் ஆணியடித்து நிறுத்தியது போல நினைத்துக்கொள்ளுங்கள். நடுத்தொனி அசையாது, ஒரு குமிழ் இடது முனையை ஏற்றி இறக்கும், இன்னொன்று வலது முனையை. இதற்கான நேர்த்தியான சுற்றைப் பீட்டர் பாக்ஸண்டால் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1952இல் வெளியிட்டார். பழைய ஸ்டீரியோக்களில் இருப்பது பெரும்பாலும் அதுவோ அதன் வாரிசுகளோதான். இரண்டும் நடுவில் நின்றால் ஒலியில் ஏறக்குறைய எந்த மாற்றமும் இல்லை. நடுவில் விரலுக்கு "டக்" என்று ஒரு பள்ளம் தட்டுப்படுவது அதற்காகவே.

## அந்த வழுவழுப்பு எங்கிருந்து வருகிறது?

இப்போது முதலில் சொன்ன கைச் சைகைக்கு வருவோம். நல்ல பழைய குமிழைத் திருகினால் தேனில் கரண்டியைச் சுற்றுவது போல ஓர் எதிர்ப்பு இருக்கும். அது இசையோடு சம்பந்தப்பட்ட எதிலிருந்தும் வருவதில்லை.

பாட்டின் தண்டு ஒரு குழல் வழியாக வெளியே வருகிறது. தண்டுக்கும் குழலுக்கும் நடுவே பிசுபிசுப்பான கிரீஸ் தடவியிருப்பார்கள். அந்த எதிர்ப்பு பெரும்பாலும் அந்தக் கிரீஸின் கைங்கரியம். அதோடு குமிழையே திட அலுமினியத்தில் கடைந்திருந்தால், அதன் எடை அசைவை நிதானப்படுத்தும். மட்டமான பாட்டில் நல்ல கிரீஸைத் தடவிக் கனமான குமிழை மாட்டினால் அதுவும் தேன்போலத்தான் சுற்றும். நல்ல பாட்டில் கிரீஸ் கரைந்துபோனால் லொடலொடவென்று ஆடும். ஒலி அப்படியே இருக்கும்.

திருகும்போது "டக் டக்" என்று படிப்படியாக நகரும் வால்யூம் குமிழ்களும் உண்டு. ஃபேன் ரெகுலேட்டர் போல ஒவ்வொரு படிக்கும் தனித் தடை (மின்சாரத்தை மட்டுப்படுத்தும் சிறு பாகம்) இருக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். உண்மையிலேயே அப்படிச் செய்த கருவிகள் உண்டு. அவற்றில் இடமும் வலமும் ஒவ்வொரு படியிலும் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் பல பெட்டிகளில் அந்த "டக்" வெறும் பல்வளையத்தின் மேல் ஸ்பிரிங் தாவும் சத்தம்தான். உள்ளே அதே பழைய தொடர்ச்சியான கார்பன் பட்டை.

டியூனிங் குமிழின் கதை வேறு. அங்கே கனத்துக்கு ஒரு வேலை இருக்கிறது. எஃப்எம் அலைவரிசையில் 88இலிருந்து 108 மெகாஹெர்ட்ஸ் வரை நிலையங்கள் பரவியிருக்கும். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வேகமாகப் போகவும் வேண்டும், ஒரு நிலையத்தில் மயிரிழை பிசகாமல் நிற்கவும் வேண்டும். அதற்காகக் குமிழின் தண்டில் ஒரு கனமான உலோகச் சக்கரத்தை மாட்டினார்கள். சுண்டிவிட்டால் அது தானே ஓடும். விரலால் நகர்த்தினால் நடுங்காமல் நகரும். தண்டில் சுற்றிய நூல் சிறு கப்பிகள் வழியாக ஓடி, ஒரு பக்கம் முகப்பில் உள்ள முள்ளை நகர்த்தும், இன்னொரு பக்கம் ஒன்றுக்குள் ஒன்று தொடாமல் நுழையும் உலோகத் தகடுகளைச் சுழற்றும். அந்தத் தகடுகள்தான் நிலையத்தைத் தேர்ந்தெடுக்கின்றன. மரான்ட்ஸ் நிறுவனம் ஒரு படி மேலே போய், சக்கரத்தைப் படுக்கைவாக்கில் வைத்து, அதன் விளிம்பை மட்டும் முகப்பில் நீட்டியது. கைரோ டச் என்று பெயர். கட்டைவிரலால் உருட்ட வேண்டும். ஒரே ஒரு முறைதான் உருட்டிப் பார்த்திருக்கிறேன். நிலையம் எதையும் கேட்க மனம் வரவில்லை, உருட்டிக்கொண்டேதான் இருந்தேன்.

இதுவரை பார்த்தது: வால்யூம் குமிழின் சுகம் கிரீஸிலும் எடையிலும் இருக்கிறது, ஒலிப் பாதையில் இல்லை. டியூனிங் குமிழில் மட்டும் எடைக்குப் பயன் உண்டு.

## எல்லாக் குமிழும் ஒரே சாதி அல்ல

முகப்பில் ஒரே மாதிரி தெரியும் வால்யூம் குமிழ்களுக்குப் பின்னால் மூன்று வெவ்வேறு ஏற்பாடுகள் இருக்கலாம்.

ஒன்று நாம் பார்த்த பாட். இசை உங்கள் விரலுக்குப் பின்னால், அந்தக் கார்பன் பட்டை வழியாகவே போகிறது.

இரண்டாவது, இன்றைய கருவிகளில் பரவலாக இருக்கும் என்கோடர். இதற்குள் இசை போவதே இல்லை. திருகும்போது "ஒரு படி", "இன்னொரு படி" என்று துடிப்புகளை மட்டும் அனுப்பும். எந்தப் பக்கம் திருகினீர்கள் என்பது எப்படித் தெரியும்? உள்ளே இரண்டு தொடுப்புகள் சற்று முன்பின்னாக வைக்கப்பட்டிருக்கும். வாசலைக் கடப்பவரின் எந்தக் கால் முதலில் விழுகிறது என்று பார்ப்பது போல, எந்தத் தொடுப்பு முதலில் மூடியது என்று ஒரு சில்லு (சிப்) பார்த்துக்கொள்ளும். பிறகு வால்யூமை மாற்றுவது அந்தச் சில்லின் பாடு. என்கோடருக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை, சுற்றிக்கொண்டே இருக்கலாம்.

இங்கே ஒரு நுணுக்கம். என்கோடர் இருப்பதால் ஒலி டிஜிட்டலாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. பல கருவிகளில் அந்தச் சில்லு செய்வது, குட்டிக் குட்டித் தடைகளால் ஆன ஏணியில் வேறு படிக்கு மாற்றுவதுதான். கட்டளை டிஜிட்டல், இசை அனலாக். இடம் வலம் பொருத்தமும் கார்பன் பட்டையைவிட இதில் நன்றாகவே இருக்கும். ஒலியை மட்டும் வைத்துப் பேசினால் பழைய பாட் தோற்கும் இடம் இது.

மூன்றாவது, எனக்கு மிகவும் பிடித்த சமரசம்: மோட்டார் பொருத்திய பாட். ரிமோட்டை அழுத்தினால் குட்டி மோட்டார் ஒன்று குமிழை உண்மையாகவே சுழற்றும். யாரோ கண்ணுக்குத் தெரியாத ஆள் வந்து திருகுவது போலிருக்கும்.

## கை ஏன் விரும்புகிறது?

அப்படியானால் குமிழ் மோகத்துக்கு ஆதாரம் எங்கே? என்கோடரையும் பாட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் பதில் கிடைக்கும்.

பாட் தன் நிலையைத் தானே காட்டுகிறது. அறையின் மறுகோடியிலிருந்து பார்த்தாலும் கோடு 9 மணியில் இருப்பது தெரியும். மின்சாரம் இல்லாதபோதும் தெரியும். பெட்டியை இயக்குவதற்கு முன்பே குமிழைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோய்விடலாம். போட்டவுடன் அலறித் தூக்கிவாரிப் போடும் என்ற பயம் இல்லை. என்கோடருக்கு இந்த ஞாபகம் கிடையாது. அது எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கே அர்த்தமில்லை. திரை ஒளிர்ந்தால்தான் பதில். இருட்டில் கையை வைத்து "இப்போது எவ்வளவு இருக்கிறது" என்று பாட்டைக் கேட்கலாம், என்கோடரைக் கேட்க முடியாது. குமிழின் கோடு வாட் கணக்கைச் சொல்லாது என்று மேலே சொன்னேன். ஆனால் உங்கள் அறையில், உங்கள் கருவியில், நேற்று எங்கே வைத்துக் கேட்டீர்கள் என்பதை அச்சுப் பிசகாமல் சொல்லும். கைக்கு வேண்டியது அந்தத் தகவல்தான்.

அடுத்தது, ஒரு குமிழுக்கு ஒரே வேலை. பேஸைக் குறைக்க மெனுவுக்குள் போய், அதற்குள் ஒலி அமைப்பைத் தேடி, நான்கு முறை அழுத்தும்போது எதற்காகக் குறைக்க நினைத்தோமோ அந்த இடம் பாடலில் கடந்து போயிருக்கும். குமிழில் கேட்பதும் திருத்துவதும் ஒரே நொடியில் நடக்கிறது.

மூன்றாவது காரணம் வடிவம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க உளவியலாளர் அல்ஃபோன்ஸ் சபானிஸ், பி-17 குண்டுவீச்சு விமானத்தின் விமானிகள் தரையிறங்கியபின் இறக்கை மடிப்பை (தரையிறங்க உதவும் பின்விளிம்புத் தகட்டை) மடக்குவதற்குப் பதிலாகச் சக்கரத்தை மடக்கி விமானத்தை வயிற்றால் தரையில் படுக்கவைப்பதைக் கவனித்தார். இரண்டின் நெம்புகோல்களும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரி இருந்தன. அவர் ஒன்றின் முனையில் சிறு ரப்பர் சக்கரத்தையும் மற்றதில் ஆப்பு வடிவத்தையும் பொருத்தச் சொன்னார். பார்க்காமலே கை கண்டுகொண்டது. நல்ல பழைய முகப்பிலும் இதே புத்தி வேலை செய்கிறது: வால்யூம் பெரிய குமிழ், பேஸும் டிரெபிளும் சிறியவை, மோனோவும் ஃபில்டரும் நெம்புகோல்கள். எல்லாப் பழைய பெட்டிகளும் அப்படி அல்ல. ஒரே அளவில் பன்னிரண்டு குமிழ்களை வரிசையாக நட்டுவைத்து, அழகுக்காகக் கையைக் குழப்பியவையும் உண்டு.

## கரகரப்பு

பழைய பெட்டியோடு வாழ்பவர்கள் கட்டாயம் சந்திப்பது, குமிழைத் திருகும்போது வரும் "கரகர". தொடுமுனைக்கும் கார்பன் பட்டைக்கும் நடுவே தூசியும், உலோகத்தில் படிந்த களிம்பும், பட்டையிலிருந்து தேய்ந்த பொடியும் சேர்ந்து இணைப்பை விட்டுவிட்டு அறுப்பதுதான் காரணம். மின் தொடுப்புகளுக்கென்றே உள்ள, உயவும் சேர்ந்த சுத்திகரிப்புத் திரவத்தைப் பாட்டின் திறப்பில் ஒரு சொட்டு விட்டு, குமிழை முப்பது நாற்பது முறை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருகினால் பெரும்பாலும் அடங்கிவிடும். துருவுக்கு அடிக்கும் பொது எண்ணெய் வேண்டாம். தண்டின் பக்கம் பீய்ச்சினால் அந்தத் தேன் கிரீஸ் கரைந்து, சுகமும் போய்விடும். மின்செருகியைப் பிடுங்கியிருந்தாலும் உள்ளே பெரிய மின்தேக்கிகளில் மின்சாரம் தங்கியிருக்கும். பழக்கம் இல்லாதவர்கள் மூடியைத் திறக்காமல் தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது. சுத்தம் செய்தும் சில நாட்களில் கரகரப்பு திரும்பினால் பாட் குற்றவாளியாக இல்லாமலும் இருக்கலாம். பக்கத்தில் கசியும் மின்தேக்கி ஒன்று பாட்டுக்குள் நேர்மின்னோட்டத்தை (டிசி) விடுகிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

குமிழைவிட அதிகம் ஏமாற்றுவது, யாரும் தொடாத நெம்புகோல்கள். ஒரு பழைய ரிசீவர் என்னிடம் வந்தபோது இடது பக்கம் ஊமையாக இருந்தது. ஸ்பீக்கரை மாற்றினேன், கம்பியை மாற்றினேன், ஆம்ப்ளிஃபயரே போய்விட்டது என்று முடிவும் கட்டிவிட்டேன். டேப் மானிட்டர் என்று ஒரு நெம்புகோல் இருந்தது; இசையை டேப் டெக்குக்கு அனுப்பித் திரும்ப வாங்குவதற்கானது. டேப் டெக்கே இல்லாததால் அதைத் தொட்டதில்லை. ஆனால் டெக் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இசை அந்த நெம்புகோலின் தொடுப்பு வழியாகத்தான் போகிறது. எரிச்சலில் அதை இருபது முறை மேலும் கீழும் தட்டினேன். பதினைந்தாவது தட்டோ என்னவோ, இடது பக்கம் பொட்டென்று பாட ஆரம்பித்தது.